கதையில் இல்லாதவர்களின் அண்ணன்

அண்ணனோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் ஓசூரில் யாரும் கிடையாது. ஒரே அறையில் அவரோடு பாய் விரித்துப் படுத்த எங்களாலேயே முடிந்ததில்லை.

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரு ரத்தக்களறிப் படம். நாலு பையன்கள். எதைப் பற்றியும் யாரைப் பற்றியும் அவர்களுக்குக் கவலை கிடையாது. சும்மா ஒரு போனைப் பிடுங்குவதில் ஆரம்பித்துக் கொலை வரைக்கும் போகிறார்கள். கொலை செய்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு பரோட்டா சாப்பிடுகிறார்கள். போலீஸ் துரத்த, அவர்களுடைய கார் சந்தைக்குள் புகுந்து ஒரு தக்காளி வண்டியைத் தூக்கி அடித்துவிட்டுப் பறக்கிறது. நாங்கள் விசில் அடித்தோம். அண்ணன் எழுந்து போய் லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினார். படம் நின்றது.

"யாருடா அவன்?"

"எவன்ணா?"

"தக்காளி வண்டிக்காரன்."

"யாரோ ஒருத்தன்ணா. படத்த விடுங்க."

"யாரோன்னா? விடியறதுக்கு முன்னாடி மண்டிக்குப் போயி, ஏலம் எடுத்து, பொறுக்கி அடுக்கி, தள்ளிட்டு வந்து நிறுத்துனான். அவனுக்கு அடி பட்டுச்சா இல்லையா? அதக் காட்டவே இல்ல?"

சங்கரன்கோவில்காரன் முத்துராஜுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏண்ணே, அவரு துணை நடிகருண்ணே. சீன் முடிஞ்சதும் எந்திச்சு வீட்டுக்குப் போயிருப்பாரு."

"போயிட்டானில்ல? அது போதும். போடு."

அண்ணனுக்கு ராயக்கோட்டை. தக்காளி விளைவிக்கிற குடும்பம். அதனால்தான் அந்த வண்டிக்காரன் மேல் பாசம் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஆட்டோ கவிழ்ந்தால் ஆட்டோக்காரன், கண்ணாடி உடைந்தால் கடைக்காரன், கதாநாயகன் குதித்து ஓடும் மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டிருந்த அம்மா. படத்தில் யாரைப் பார்க்கச் சொல்கிறார்களோ அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதுதான் அண்ணனுக்குப் பிறவிக் குணம். "அவனுக்கும் ஒரு வீடு இருக்குமில்ல?" என்பார். இதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாள் போகாது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, "என் பேரு மட்டும் போட்டிருக்க, நம்ம கேட் செக்யூரிட்டி பேரு எங்கடா?" என்று கேட்பார். அவர் கேட்கிற எல்லோரையும் போட்டால் இது வாக்காளர் பட்டியல் ஆகிவிடும்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி அறை. அண்ணன், முத்துராஜ், பென்னாகரத்துப் பையன் கோகுல், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த நான். கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அண்ணன் மட்டும் பர்மனென்ட். நாங்கள் மூவரும் டிரெயினி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான். கன்ஃபர்மேஷன் ஆர்டர் வந்தால் பூஜை அறையில் வைக்க அம்மா இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்தால்தான் ஆர்டர். ஒரு கேஸ், ஒரு புகார் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று பேருக்கும் இதே கதை.

அண்ணனுடைய உடம்பையும் முகத்தையும் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். கதவை அடைத்தாற்போல் உருவம், புருவத்தைப் பிளந்து போகும் ஒரு தழும்பு. சின்ன வயதில் தக்காளிக் கூடை மேலே விழுந்து வந்த தழும்பு அது, ஆனால் பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றாது. நெடுஞ்சாலையில் வண்டிகளைச் சோதிக்கும் போலீஸ்காரர் நூறு பேரை விட்டுவிட்டு அவரை நிறுத்துவார். நிறுத்தியவரிடம் அண்ணன், "வெயில்ல நிக்கறீங்களே சார், தண்ணி குடிச்சீங்களா?" என்பார். வீட்டுக்குப் போன் பேசினால் தெலுங்கு, எண்ணினால் தெலுங்கு, திட்டினால் கன்னடம், எங்களோடு தமிழ். திட்டுவது அபூர்வம் என்பதால் அவருடைய கன்னடம் சுமார்தான்.

அவரோடு இருப்பதில் ஒரு பெரிய தொந்தரவு உண்டு. யாரையும் நிம்மதியாகத் திட்ட முடியாது. சூப்பர்வைசர் எங்களைக் காய்ச்சி எடுத்த நாளில் அறைக்கு வந்து நாங்கள் அவருடைய பரம்பரையையே இழுத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அந்தாளுக்குப் பல்லுவலிடா. கன்னத்தப் புடிச்சிட்டே நின்னான், பாக்கலியா? பொண்டாட்டி வேற ஊர்ல இல்ல, கஞ்சி வச்சுத் தர ஆளில்ல" என்றார். அவ்வளவுதான், வாய் அடைத்துப்போனது. கடைவாய்ப்பல்லில் வலியோடு நிற்கும் ஒருத்தரை என்னவென்று திட்டுவது?

இதில் பல்வலி நிஜம். மனைவி ஊரில் இல்லை என்பது அண்ணன் தானாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டது. இப்படி அவர் தைப்பதில் பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். அடிக்கடி மோட்டாரை நிறுத்திவிடும் வீட்டுக்காரரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அவராகவே முடிவு செய்து, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போனார். அந்த அம்மாளே குண்டுக்கல் மாதிரி வந்து கதவைத் திறந்து, பழத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.

முத்துராஜுக்கு டைரக்டர் ஆகும் ஆசை. எங்கள் நாலு பேரை வைத்துப் போனிலேயே ஒரு குறும்படம் எடுக்கத் திட்டம் போட்டான். அந்த ரத்தக்களறிப் படத்தின் தாக்கம்தான். மனசாட்சியே இல்லாத ஒரு கும்பல், காவலுக்கு இருக்கும் வாட்ச்மேனை அடித்துக் கொல்கிறது. கும்பல் தலைவன் யார் என்பதற்குத் தேர்வே வைக்கவில்லை. ஆண்டவனே அனுப்பிய முகம் அறையிலேயே இருந்தது. வாட்ச்மேன் நான்.

குருபரப்பள்ளி தாண்டி ஒரு மாந்தோப்பில், பருவம் முடிந்து ஆளில்லாத சமயம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூட்டிங். நான் தரையில் கிடந்தேன்.

"அண்ணே, நீங்க பேசவே வேண்டாம்" என்றான் முத்துராஜ். "நடந்து வாறீய, நெஞ்சுல ஒரு மிதி. மூஞ்சியில ஈவு எரக்கமே தெரியக் கூடாது. வெளங்குச்சா?"

"வெளங்குது. வாட்ச்மேன் எப்ப டூட்டிக்கு வந்தான்?"

"அது எதுக்குண்ணே?"

"சாப்ட்டானா இல்லையான்னு தெரியணும்ல. வெறும் வயித்துல மிதிச்சா செத்துருவான்."

"சாவணும்ணே! அதான கதையே!"

அண்ணன் நடந்து வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கீழே கிடந்த எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அப்படி ஒரு வில்லன் தமிழ்த் திரையில் வந்ததில்லை. கிட்டே வந்து காலைத் தூக்கி, எடை பார்க்கும் மிஷினில் வைப்பதுபோல என் நெஞ்சில் மெல்ல வைத்து, "வலிக்குதாடா?" என்றார்.

இரண்டாவது டேக்கில் மிதிக்கவே இல்லை. "தம்பி, எந்திரி. மண்ணு ஈரமா இருக்கு, சளி புடிச்சிக்கும்."

முத்துராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஒரு மரத்தடியில் போய்க் குந்தினான். அண்ணன் தலைவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு டிரைபாட் தூக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். அவர் முகத்தில் பிரமோஷன் கிடைத்த களை. தலைவன் ஆனவன் கோகுல்.

கோகுல் ஒல்லி. மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் மிதிக்கச் சொன்னால் மிதித்தான். எனக்கு இரண்டு நாள் விலா வலித்தது. அன்றிலிருந்து அவன் நடை மாறிவிட்டது. டீ வாங்கினால் ஒரு பார்வை, சில்லறை கொடுத்தால் ஒரு பார்வை. மனசாட்சி இல்லாதவன்போல் இருப்பது அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அது முற்றியது. ஷிஃப்ட் விட்ட நேரம், மெயின் ரோட்டு பேக்கரி வாசலில் யாரோ நிறுத்தியிருந்த புது பைக்கின் டேங்க் மேல் ஷூக்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பன் தின்றிருக்கிறான். பைக் சொந்தக்காரன் வந்தான். மஞ்சு என்று பெயர், பாகலூர் ரோட்டுக்காரன். "காலை எடு" என்றான். கோகுல் எடுக்கவில்லை. படத்துப் பார்வை ஒன்று பார்த்தான். மஞ்சு படம் பார்க்கிற ஆள் இல்லை போலிருக்கிறது. பளாரென்று ஒன்று வைத்தான். செல்போன் கம்பெனிப் பெண்கள் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றிருந்தார்கள். அதில் யாரோ வீடியோவும் எடுத்துவிட்டார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குள் எங்கள் பிளாண்ட் குரூப்பில் அது வந்துவிட்டது. 'ஓசூர் டான் பன் சாப்பிடுகிறார்' என்று தலைப்பு வேறு.

ஞாயிறு காலையில் கோகுல் கீழே தெருமுனையில் இளநீர் விற்பவரிடம் போய், ஷூட்டிங்குக்கு வேண்டும் என்று சொல்லி அவருடைய அரிவாளை வாங்கி வந்தான். அறைக்குள் வந்து அதை முதுகுப் பக்கம் பெல்ட்டில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டான்.

"மஞ்சு வீடு எங்கன்னு விசாரிச்சிட்டேன். போறேன். வர்றவன் வா."

அவன் குரலில் நடிப்பு இல்லை. ஒரு வெட்டு விழுந்தால் மஞ்சு போவான், கோகுல் உள்ளே போவான், கோகுலோடு ஒரே அறையில் இருந்த நாங்களும் போவோம். "வேணாம்டா" என்றேன். முத்துராஜ், "ஏலே, வீடியோவை எல்லாவனும் ரெண்டு நாள்ல மறந்துருவாம்லே" என்று கையைப் பிடித்தான். கோகுல் உதறிவிட்டான்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வா போலாம். நானும் வரேன்."

"அண்ணா!" என்றேன்.

"தனியா எப்படிடா அனுப்பறது? போற எடத்துல இவனுக்கு யாரு இருக்கா?"

இரண்டு பைக். கோகுல் வண்டியில் அண்ணன் பின்னால், என் வண்டியில் முத்துராஜ். பாகலூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி கம்பெனிக்குள் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் ரோட்டைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது. எல்லா வண்டியும் நின்றது. வெயில் ஏறியது. அண்ணன் அந்த லாரியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"மஞ்சுவுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு."

கோகுல் திரும்பினான். "உங்களுக்கு அவனைத் தெரியுமா?"

"போன வருஷம் காய் புடிக்கல. இந்த வருஷந்தான் ஏதோ வந்துச்சு. அதுல எடுத்த பைக்கு. அவன் எடுக்கல, அவங்கம்மா எடுத்துக் குடுத்தாங்க. அந்தம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணணும். அத அப்புறம் பாத்துக்கலாம், நீ வேலைக்குப் போக வர வண்டி வேணும்னு சொல்லிட்டாங்க. டேங்க்ல ஒரு கோடு விழுந்தாலும் அவங்களுக்குத் தெரியாது, கண்ணு தெரியலையே. ஆனா தெனம் தடவிப் பாப்பாங்க."

லாரி ஒருவழியாக உள்ளே போனது. அதன் பிறகு கோகுல் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான்.

மஞ்சு வீட்டு வாசலில் அதே பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான். கையில் தண்ணீர்க் குழாய், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கோகுல் இறங்கினான். வலது கை முதுகுப் பக்கம் போனது. நாலடி தூரம், அவ்வளவுதான்.

"என்னா?" என்றான் மஞ்சு.

கோகுலின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. பிறகு, "உங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்றான்.

"என்னாது? எங்கம்மா கண்ணுக்கு என்னா? நல்லாத்தான்டா இருக்காங்க! சாபம் உடறியா?"

மஞ்சு குழாயைப் போட்டுவிட்டு முன்னால் வந்தான். கோகுல் திகைத்துப்போய் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அதைவிடத் திகைத்துப்போய் மஞ்சுவைக் கேட்டார்: "அப்ப வேப்பனப்பள்ளி மாந்தோப்பு?"

"எங்களுக்கு ஏதுய்யா மாந்தோப்பு? ரோஜா போட்டிருக்கோம். அதோ, கண்ணு தெரியல?"

வீட்டுக்குப் பின்னால் வரிசையாகப் பசுமைக்குடில்கள். அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு நொடிதான். "ரோஜாவா? அப்ப முள்ளு கையெல்லாம் கிழிச்சிருமே?" என்றார் கவலையோடு.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது. கண் இரண்டும் பருந்துக் கண். எங்கள் நாலு பேரையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டு, "யாரு மஞ்சு இவங்க?" என்றார்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. பேக்கரி வாசலில் கை நீட்டியதை மஞ்சு வீட்டில் சொல்லவில்லை. அவன் அவசரமாக, "தெரிஞ்சவங்கம்மா. ஃப்ரெண்ட்ஸு" என்றான்.

"ஊட்டா ஆய்த்தா?" என்று அம்மா நேராகக் கோகுலைக் கேட்டார். சாப்பிட்டாயா என்பதுதான் அந்தப் பக்கத்தில் வணக்கம். கேட்டால் ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கோகுல் முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையும் சாப்பிடவில்லை. "இல்லம்மா" என்றான், நிஜமாகவே.

ஐந்து நிமிஷத்தில் நாங்கள் நாலு பேரும் அந்த வீட்டுக் கூடத்தில் தட்டுக்கு முன்னால் இருந்தோம். ராகிக் களி, அவரைக்கொட்டைச் சாறு. மூன்று பேர் சம்மணம் போட்டோம். கோகுலால் முடியவில்லை. அரிவாள் முதுகில் நட்டுக்கொண்டு நிற்கிறது. குனிந்தால் பிடி சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். போட்டோ ஸ்டுடியோவில் உட்காருகிறவன்போல விறைத்து, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் கையை நீள நீளமாகக் கொண்டுபோனான்.

"ஏம்ப்பா, முதுகு புடிச்சிக்கிச்சா?"

"மெஷின்ல நின்னு நின்னும்மா" என்றார் அண்ணன்.

"மஞ்சு, அந்தத் தைலத்த எடு. சட்டையத் தூக்குப்பா, ஒரு தேய் தேய்ச்சா விட்டுரும்."

முத்துராஜுக்குக் களி தொண்டையில் சிக்கியது. கோகுல் துள்ளி எழுந்து, "கை கழுவிட்டு வந்துடறேம்மா" என்று கொல்லைப்பக்கம் ஓடினான். சாப்பாட்டுக்கு நடுவில் எதற்குக் கை கழுவுகிறான் என்று அம்மா யோசிப்பதற்குள் திரும்பி வந்து, அழகாகக் குனிந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிறகு அவன் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டும். "மஞ்சு, அவனுக்கு இன்னொரு உருண்டை வை. தண்ணி ஊத்து." அறைந்தவன் தண்ணீர் ஊற்ற, அறை வாங்கியவன் குடித்தான். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பித் திருப்பம் வரை வந்தோம். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டபோது அண்ணன் கோகுல் தோளைத் தட்டினார்.

"அருவா எங்கடா?"

"பின்னாடி தென்ன மரத்தடில வச்சிட்டேன். விடுங்கண்ணா, போயித் தொலையுது."

"அது உன்னுதா? எளநிக்காரரு இன்னிக்கு எதுல வெட்டுவாரு? ஞாயித்துக்கிழமை சாயந்தரந்தான் அவருக்கு யாவாரமே."

"புதுசு வாங்கிக் குடுத்துரலாம்ணா."

"பழக்கப்பட்ட அருவாடா அது. அந்தாளு கைக்குப் பழகுனது."

"எப்படிண்ணா போயிக் கேக்கறது?"

"எனக்கும் தெரியல" என்றார் அண்ணன். "ஆனா அவரு அங்க வெறுமனே நின்னுட்டிருப்பாரு."

கோகுல் வண்டியைத் திருப்பினான். நாங்களும் பின்னால் போனோம்.

அம்மா வாசலிலேயே இருந்தார். மஞ்சு மறுபடியும் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, உங்க தென்ன மரத்தடில ஒரு அருவா வச்சேன். எடுத்துக்கறேன்."

"அருவாளா? எதுக்குப்பா?"

ஷூட்டிங் என்று சொல்லியிருக்கலாம். நான் மனசுக்குள் ஷூட்டிங், ஷூட்டிங் என்று அவனுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"மஞ்சுவை வெட்ட எடுத்துட்டு வந்தேன்மா. நேத்து பேக்கரில எல்லாரும் பாக்கறப்ப அறைஞ்சிட்டான்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே படியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே மகனைப் பார்த்தார்.

"அறைஞ்சியா?"

"பைக் மேல ஷூக்கால வச்சான்மா."

எழுந்து போய் மகன் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். அந்தக் குட்டின் சத்தம் பேக்கரியில் விழுந்த அறையைவிடப் பெரிதாகக் கேட்டது. மஞ்சு தலையைத் தேய்த்துக்கொண்டான். அடுத்தது தனக்குத்தான் என்று கோகுல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அம்மா அவனைக் கடந்து கொல்லைப்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது அரிவாள் ஒரு பழைய பேப்பரில் சுற்றியிருந்தது. கோகுல் கையை நீட்டினான். அவனிடம் கொடுக்காமல் அண்ணனிடம் கொடுத்தார்.

"என் கண்ணுக்கு ஆபரேஷன்னு சொன்னவன் நீதான?"

"ஆமாம்மா. தப்பாச் சொல்லிட்டேன்."

"வாய வச்சுட்டுச் சும்மா இரு."

பிறகு கோகுல் பக்கம் திரும்பினார். ஒரு வீட்டுக்குப் போகும்போது பழமோ பூவோ இல்லாமல் போகக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அவர் சொன்னது வேறு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா. வெறுங்கையோட வா."